பிள்ளைகள் கையில் பீடி கிடையாது

என் அம்மா திருவொற்றியூரில் பெட்டிக்கடை வைத்திருந்தாள். நெடுஞ்சாலையிலிருந்து கடலுக்குப் போகும் சந்தின் வாயில், ஒரு தொழிற்சாலையின் இரும்புக் கதவுக்கு எதிரே கடை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்தவர்கள் ஒரு பெரிய அலையைப் போல வெளியே வருவார்கள். அந்த அலையில் பாதி எங்கள் கடையில் வந்து மோதும். வெற்றிலை, சோடா, வாழைப்பழம், கடலை மிட்டாய். எல்லாவற்றையும்விட அதிகம் போனது பீடியும் சிகரெட்டும்தான். கடைத் தூணில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் நாள் முழுக்க ஒரு கங்கு இருக்கும். ஆட்கள் குனிந்து பீடியை அதில் பற்றவைத்துக்கொண்டு நிமிர்வார்கள். அந்தக் கயிற்றுப் புகையின் வாசனைதான் எனக்கு அம்மாவின் வாசனை.

நான் எப்போது பிடிக்க ஆரம்பித்தேன் என்று யாராவது கேட்டால் பதினான்கு வயதில் என்றுதான் சொல்வேன். உண்மையில் ஏழு வயதில். அப்பா கட்டிலில் படுத்தபடி "நைனா, ஒண்ணு பத்த வெச்சு எட்தா" என்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் நைனா என்று கொஞ்சுவார்கள். அடுப்பில் பீடியைக் காட்டி எடுத்துவருவேன். கட்டில் வரை வருவதற்குள் அணைந்துவிடும். அணையாமல் இருக்க நடுவழியில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். வாயில் கசக்கும், கண்ணில் நீர் வரும், அப்பா சிரிப்பார். சந்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் மொண்டு கொடுப்பது போல அதுவும் ஒரு வேலை.

பதினான்கு வயதில் நடந்தது வேறு. அது திருட்டு.

என் தோஸ்து ஒருவன் இருந்தான். மீனவக் குப்பத்துப் பையன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருபவன். அவன் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அம்மா கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்பாள். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் எந்த நல்ல பட்டியலிலும் வராது. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவனைப் போல ஒருவன் அந்தக் கரையில் இல்லை. தம் கட்டி முங்கினால் கரையில் இருக்கும் எங்களுக்குப் பயம் வந்துவிடும். நான்தான் எண்ணுவேன். நூறு தாண்டும். நூற்றுப்பத்து. யாராவது ஒருவன் அழ ஆரம்பிக்கும் நேரத்தில், நாங்கள் பார்க்காத ஒரு திசையில் தலை எழும்பும். பல் தெரியச் சிரிப்பான். துறைமுகத்தில் முங்காளி வேலைக்குச் சேர வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. பித்தளைத் தொப்பி மாட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் இறங்குபவர்களை அவன் ஒருமுறை பார்த்திருந்தான்.

அம்மா சோறாக்க உள்ளே போகும் நேரங்களில் நான் கடையில் உட்காருவேன். அப்படி ஒரு நாள், பெட்டியிலிருந்து இரண்டு சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆலையிலிருந்து வரும் ஆட்கள் புகையை விட்டபடி நடந்து போவதைப் பார்க்கும்போது, அவர்கள் எல்லோரும் எனக்குத் தெரியாத ஒரு ஊரிலிருந்து வருவது போலவும், அந்த ஊருக்குப் போக அதுதான் டிக்கெட் என்பது போலவும் இருக்கும்.

மறுநாள் விடிகாலையில் கடற்கரைக்குப் போனோம். மார்கழி. கடல் தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பனி மெல்ல விலகியபோது, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்து நின்ற கப்பல்கள் தண்ணீரில் இல்லாமல் வானத்தில் தொங்கின. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் மறைவில் உட்கார்ந்து, ஒன்றை அவனிடம் நீட்டினேன். அவன் யோசித்தான். "வாணாம்டா, கெட்ட வாட வரும்" என்றான். "கடலுக்குப் போற உங்க நைனாவே குளுருக்குப் புடிக்கிறாரு, உனுக்கு இன்னா" என்றேன். வாங்கிக்கொண்டான்.

முதல் இழுப்பில் இருவரும் இருமினோம். பிறகு தலை லேசாகச் சுற்றியது. மணல் எங்களைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்வது போல இருந்தது. பனிக்குள் புகையை ஊதினோம். எது பனி, எது புகை, எது தூரத்து ஆலையின் கரிமேகம் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கப்பல் எங்கோ ஊதியது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அப்படியே தூங்கிவிட்டோமா, விழித்திருந்தோமா தெரியாது. வெயில் முகத்தில் அடித்தபோதுதான் பள்ளிக்கூட நினைவு வந்தது. போகிற வழியில் ஒரு கொய்யா மரத்தின் இலைகளைப் பறித்து, வாசனை போக மென்று துப்பினோம்.

அதற்குப் பிறகு அது ஒரு கனவாகத் தெரியவில்லை. வழக்கமாகிவிட்டது. நான் இரண்டு நாளுக்கு ஒன்று பிடித்தால் அவன் ஒரு நாளைக்கு நான்கு பிடித்தான். நான் திருடி வந்தது அவனுக்குப் போதாமல் தன் அப்பாவின் பீடியைத் தொட ஆரம்பித்தான். தண்ணீரில் இறங்கும் முன் ஒன்று வேண்டும் அவனுக்கு. "ஒடம்பு சூடாவணும்டா" என்பான். அடுத்த கோடையில் அவன் முங்கியபோது நான் எழுபது எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான்.

"எவ்ளோடா?"

"எய்வது."

"பொய் சொல்ற. நீ வேகமா எண்ற. நிறுத்தி எண்ணு."

அவன் மறுபடி முங்க, நிறுத்தி எண்ணினேன். அறுபது. அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனான். காலையில் எழுந்ததும் ஒரு இருமல் வரும் அவனுக்கு. அதைச் சளி என்றான். நானும் சளி என்றே நம்பினேன். நம்புவது எளிதாக இருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், கரையோரமாகவே நடந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். அந்த இடத்தை நினைத்தாலே இன்றும் கண் சொருகும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அசையாத உப்பங்கழி, நடுவில் நாக்கு மாதிரி ஒரு மணல்திட்டு. தண்ணீர் அசையாமல் கிடக்க, வானமும் நாரைகளும் அதில் தலைகீழாக நடந்து போகும். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். திட்டில் படுத்து ஆளுக்கு இரண்டு பீடி பிடித்தோம்.

அப்போது ஒரு படகுக்காரர் கூப்பிட்டார். அவருடைய நங்கூரம் அடியில் புதைந்து கிடந்த பழைய கம்புகளில் சிக்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தால் நண்டு தருவதாகச் சொன்னார். என் தோஸ்து சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்துவிட்டுக் குதித்தான்.

பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதில் நங்கூரக் கயிறு அசைந்தது. ஐம்பதில் நின்றது. ஐம்பத்தைந்தில் தண்ணீருக்குள் நிறையக் குமிழிகள் வந்தன. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவன் தலை ஒரு கணம் மேலே வந்தது. வாய் திறந்திருந்தது. இருமல் வந்தது. இருமலோடு தண்ணீரும் உள்ளே போனது. மறுபடி முழுகிவிட்டான்.

படகுக்காரர் துடுப்புக் கழியை நீட்டிப் பார்த்தார், பிறகு தானே குதித்தார். அவர் அவனை இழுத்து மணலில் போட்டபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினார். தண்ணீர் வந்தது, நுரை வந்தது, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அழுகை வந்தது. அவர் அவன் வாயருகே குனிந்து முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பீடியா?"

நான் தலையாட்டினேன்.

"தண்ணில தொயில் பண்ற வூட்ல பொறந்துகினு, மூச்ச கொளுத்துறீங்களேடா" என்றார். கத்தவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார்.

அவரே ஒரு லாரியை நிறுத்தி எங்களை ஏற்றித் தருமாஸ்பத்திரியில் கொண்டுவிட்டார். செய்தி எப்படியோ எங்களுக்கு முன்பே போயிருந்தது. என் அம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் அம்மா மீன்கூடையோடு வந்திருந்தாள்.

டாக்டரம்மா வயதானவர், அதிகம் பேசாதவர். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து, அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"உதட்டைக் குவிக்கக் கூடாது. வாயை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு ஊது."

அவன் ஊதினான். தீ சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி ஊதினான். தீ அணையவில்லை. குச்சி அவர் விரல் வரை எரிந்து வந்தது. உதறிவிட்டு, "எத்தனை நாளாப் பிடிக்கிறே?" என்று கேட்டார். "யார் குடுத்தது?" என்றார்.

அவன் என்னைப் பார்க்காமல், "ரோட்ல கெடந்துச்சு" என்றான்.

"இன்னிக்குத் தண்ணி உள்ள போயிருக்கு, அது சரியாயிடும். ஆனா இந்த நெஞ்சு அதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கு. வளர்ற வயசுல நுரையீரலும் வளரணும். புகை போட்டா வளராது. இப்ப விட்டா கொஞ்சம் மீளும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது." இதை அவர் இரண்டு அம்மாக்களையும் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் அம்மா கடையில் வெற்றிலைக்கு ஈரத்துணி போர்த்திக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். முழுவதையும். பெட்டியிலிருந்து எடுத்தது, கட்டுமர மறைவு, அவன் வேண்டாமென்றது, நான் சொன்ன சொல். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சிகரெட் பெட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆலைச் சங்கு ஊதியது, ஆட்கள் வந்தார்கள், கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு "வா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குப்பத்துக்குக் கூட்டிப்போனாள்.

அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உம் புள்ளைக்கு மொத மொத குடுத்தது இவன்தான். எங்கடைலருந்து எட்துகினு போய்க் குட்த்துகிறான். உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்" என்றாள் அம்மா.

அந்த அம்மா கையிலிருந்த தேங்காய்நாரைக் கீழே வைத்தாள். தன் மகன் படுத்திருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இவன் இன்னா குடுத்தான்? நாலு வயசுல அவுங்க நைனாவுக்குப் பத்த வெச்சு எட்தாடான்னு அனுப்புனவளே நாந்தானே. ஊதி ஊதி எட்து வருவான், நாம பாத்து சிரிப்போம்."

"எங்க வூட்லயும் அதான் அக்கா."

"எல்லா வூட்லயும் அதான் கீது."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பசங்க கையில நான் பீடி குடுக்க மாட்டேன். அவனுங்களுக்குன்னாலும் சரி, அவனுங்க அப்பனுக்குன்னாலும் சரி" என்றாள். "நீ குடுக்கலன்னா எதிர்க்கடைல குடுப்பான்" என்றாள் அவன் அம்மா. "அப்ப அங்கயும் போய்க் கேப்போம். நீயும் வா."

சாயங்காலத்தில் போனார்கள். நெடுஞ்சாலையில் எங்கள் கடையோடு சேர்த்து நான்கு கடைகள். மூலைக்கடைக்கார பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "என் பேரனுங்க மூணு பேரு கீறானுங்க, தங்கச்சி. நீ சொல்லாமயே செஞ்சிருக்கணும் நானு" என்றார். இன்னொருவர் அரை மனதோடு சரி என்றார். டீக்கடையோடு சேர்ந்த நான்காவது கடைக்காரர் மட்டும், "பீடி விக்கிற நீயே இத்த சொல்லலாமா?" என்று சிரித்தார். அம்மாவுக்கு அது தைத்துவிட்டது. அவர் சொன்னது நியாயம்தான் என்று பல வருடங்கள் கழித்தும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. பெரியவர்களுக்கு விற்பதை அவளால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்த முடிந்தது. முடிந்ததைச் செய்தாள்.

சிலேட்டில் என்னை எழுதச் சொன்னாள்: பிள்ளைகள் கையில் பீடி கிடையாது. எழுதித் தொங்கவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரமே ஒரு ஆள் சண்டைக்கு வந்தார். துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்பவர்.

"எம் புள்ளய அனுப்புனா திருப்பி அனுப்புறியாமே. அவன் துன்றதுக்கா கேட்டான்? எனுக்குத்தான்."

"தெரியும் அண்ணா. உனுக்குன்னா நீயே வந்து வாங்கிக்க. இந்தா."

"வேல செஞ்சு பேஜாராயி வந்துகிறேன், நடந்து வேற வரணுமா?"

"நடந்தா ஒண்ணு கொறையும். அது உனுக்கும் நல்லதுதானே."

அவர் வாங்காமல் போய்விட்டார். அவரைப் போல இன்னும் சிலர் நான்காவது கடைக்கு மாறினார்கள். எங்கள் வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். அப்பா கட்டிலில் இருந்து என்னைக் கூப்பிட்டபோது அம்மா அடுப்படியிலிருந்தே, "அவன் வர மாட்டான். நீ எழுந்து வா" என்றாள். அப்பா எழுந்து வந்தார். அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து பற்றவைத்தார். குழந்தையைப் போல வெட்கப்பட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதன் பிறகு என் எதிரில் அவர் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை.

அம்மா இன்னொன்றும் செய்தாள். டாக்டரம்மா தீக்குச்சி கொளுத்தியது அவள் மனதில் நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் இருவரையும் கடைக்கு முன் நிறுத்தி, குச்சியைக் கிழித்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள். "வாயத் தொறந்து வெச்சுகினு ஊது." நான் அணைத்துவிடுவேன். அவனால் முடியாது. அவன் முகம் சுருங்கும். வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் தாங்களும் ஊத வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். அணைத்தவனுக்கு ஒரு கடலை மிட்டாய். வரிசையில் பெரிய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அணைக்க முடியாமல் நழுவிப் போனார்கள். அம்மா அவர்களைத் திட்டவில்லை. கூப்பிட்டு அவர்களுக்கும் மிட்டாய் கொடுத்து, "நாளைக்கு வா. தெனம் வா" என்றாள்.

அந்தச் சாயங்காலங்கள் என் நினைவில் நிறம் மாறாமல் இருக்கின்றன. ஆலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, புகைபோக்கியின் புகை ரோஜா நிறமாகும். அம்மாவின் விரல் நுனியில் ஒரு சின்னத் தீ. அதைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்துப் பதினைந்து முகங்கள். குழந்தைகளின் மூச்சுக்கு ஒரு சத்தம் உண்டு, 'ஹா' என்று. வரிசை நகர நகர, அது கடற்காற்றில் கலந்து சந்துக்குள் போகும்.

விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது, அவனுக்கு இல்லை. முதல் மாதம் எரிந்து விழுவான். இரண்டு தடவை நான்காவது கடையில் வாங்கிப் பிடித்துவிட்டு, அவனே வந்து அம்மாவிடம் சொன்னான். "சரி, இன்னிலருந்து மறுபடி" என்றாள் அம்மா. ஆடி மாதம் போய் ஐப்பசி வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள், தாழ்வாரத்தில் ஒண்டி நின்றபடி அவன் ஊதினான். குச்சி அணைந்தது. காற்றில் அணைந்திருக்கும் என்று அவனே சொன்னான். இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. அவன் அம்மா அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்தொன்பது வயதில் அவன் துறைமுகத்தில் முங்காளி வேலைக்குப் பரீட்சைக்குப் போனான். நானும் கூடப் போனேன். நீச்சலில் முதலாவதாக வந்தான். மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு போதாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்கு மேல் எந்த வேலையும் செய்யலாம், அடியில் இறங்கக் கூடாது என்றார்கள். வெளியே வந்து ராயபுரம் வரை நடந்தோம். தேவாலயத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தானேடா மொதல்ல குடுத்தேன்" என்றேன்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "நீ குட்த்தே. வாங்குனவன் நானு. அப்பால தெனம் புடிச்சதும் நானு. உங்கம்மா மட்டும் இல்லன்னா இன்னிக்கு நீச்சல்லயும் தேறியிருக்க மாட்டேன்." பிறகு, "ஆனா வருத்தம் கீதுடா. இல்லன்னு சொன்னா பொய்" என்றான்.

சில மாதங்களில் கப்பல்களை இழுத்துவரும் படகில் அவனுக்குக் கயிறு பிடிக்கும் வேலை கிடைத்தது. அந்தப் படகில் பீடி பிடிக்காத ஆள் அவன் ஒருவன்தான். முதலில் கேலி செய்தார்களாம், பிறகு விட்டுவிட்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அனுமதி கேட்டு என்னையும் ஏற்றிக்கொண்டான். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அலை பெரிதானது. வெளியே ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் நின்றிருந்தது. அதன் பக்கம் போகப் போக அது வளர்ந்து வானத்தை மறைத்தது. மேலிருந்து வடத்தை எறிந்தார்கள். அவன் ஓடிப் பிடித்து, இழுத்து, கட்டைத் தூணில் எட்டு மாதிரி சுற்றிக் கட்டினான். கட்டி முடித்ததும் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினான். நான் எழுந்திருக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். "தோ பாரு, அந்தாண்ட" என்று கப்பலின் பக்கத்தைக் காட்டினான். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் சிவப்பு உடம்பு பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி, இறங்கி, மங்கிப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் கம்பியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். படகு கப்பலைத் துறைமுகத்துக்குள் இழுத்தது.